குட்டிகளின் அப்பன்

“இன்னைக்கு அந்தத் திருட்டுப்பய மாட்டப்போறான், பாருங்க.”

ஆய்வகக் கணினி முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் ஆராய்ச்சிக்காரி. அவள் கணவர், ஊருக்கே மிருக டாக்டர், டீ கப்போடு பின்னால் நின்றார்.

பரபரப்பு இருக்காதா பின்னே? ஊரை ஒட்டிய காட்டில் மிஞ்சியிருப்பதே சில காட்டுப்பூனைகள். முள்ளில் ஒட்டிய முடியைப் பொறுக்கி வந்து, மரபணுவைப் பார்த்து, யாருக்கு யார் பிள்ளை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. இந்த வருஷக் குட்டிகள் அத்தனையிலும் வீட்டுப் பூனையின் ரத்தம் கலந்திருந்தது. ஏதோ ஒரு கடுவன் வேலி தாண்டிப் போய்க் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அதைப் பிடித்துக் கருத்தடை செய்யாவிட்டால், கொஞ்ச காலத்தில் அசல் காட்டுப்பூனை என்று ஒன்றே இருக்காது.

அதனால் ஊரில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டி, பூனைகளின் வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்திருந்தாள். பூனையை வெளியே விட்டவர்களுக்கு அவள் விட்ட டோஸில், பேக்கரிக்காரர் இன்னும் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

“யாரா இருந்தா என்ன, விடேன். வாயில்லா ஜீவன்” என்றார் டாக்டர்.

“அதை வளர்க்கிறவன் வீட்டு வாசல்ல நின்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நீங்க கத்தியைத் தயாரா வைங்க.”

முடிவுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. எந்தப் பூனையும் பொருந்தவில்லை. அவள் முகம் தொங்கிப்போயிற்று. மிச்சமிருந்தது கடைசிச் சோதனைக் குழாய் மட்டும். எந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, தெரிந்த பூனை ஒன்றின் எச்சிலை அதில் வைப்பது அவள் வழக்கம்.

திரையில் அதற்கான வரி பளிச்சென்று பச்சையானது. அப்பன் இவனேதான்!

சந்தோஷத்தில் துள்ளி எழுந்து கணவரைக் கட்டிக்கொண்டாள். டீ சிந்தியது. அப்புறம்தான் அது எந்தக் குழாய் என்று உறைத்தது. அவர்கள் வீட்டு சோபாவில் நாள் முழுக்கத் தூங்கும் ‘சாமியார்’.

“இவனுக்குத்தான் முதல் ஆபரேஷனே பண்ணேன்னு சொன்னீங்களே?”

ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் கத்தி வைத்த டாக்டர், காலி கப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நம்ம பிள்ளைக்குச் செய்ய மனசு வரலைம்மா.”