கேட்கிறவர்கள் கை தூக்கவும்

பழைய நகரத்தின் இந்தக் குன்றுக்குக் கூட்டம் வருவதில்லை. இடிந்த மதில்மேல் சாயங்கால வெயில் சோம்பலாகப் படுத்திருக்கிறது. கீழே ஊர் போடும் இரைச்சல் இங்கே வண்டு முரலுவது மாதிரிதான் எட்டுகிறது. வழிகாட்டிப் பெண் இந்த அமைதியைக் கலைப்பதில்லை. காலரில் செருகிய மைக்கில் கிசுகிசுக்கிறாள். எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு சின்னப் பெட்டி தொங்குகிறது. பொத்தானை அழுத்தினால் அதில் பச்சை விளக்கு எரிகிறது, அவள் குரல் ரகசியம் போலக் காதுக்குள் இறங்குகிறது. என் வீட்டுக்காரர் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுப்பதாயில்லை. வீட்டில் நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் "ம்" என்பதோடு சரி. இங்கே ஒவ்வொரு உடைந்த தூணுக்கும் தலையாட்டுகிறார். அவள் கையை வீசி வளைவைக் காட்டினால் வாயைப் பிளக்கிறார். அவள் சிரித்தால் இவருக்கும் பல் முப்பத்திரண்டும் தெரிகிறது. எனக்கு வயிறு எரிகிறது. "என்னங்க, கால் வலிக்குது. கொஞ்சம் உக்காரலாமா?" என்கிறேன். "உஷ்! என்னமா விளக்கிச் சொல்றாங்க, கேளு" என்கிறார், திரும்பிக்கூடப் பார்க்காமல். காற்று அவள் முடியைக் கலைக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டி, "நான் பேசுறது கேக்குதுங்களா? கேக்குறவங்க கையத் தூக்குங்க" என்று அதே கிசுகிசுப்பில் சொல்லித் தானும் கையை உயர்த்துகிறாள். எல்லோருக்கும் முந்தி இவர் கைதான் மேலே போகிறது. அப்போதுதான் இவர் நெஞ்சில் ஆடும் பெட்டியைப் பார்க்கிறேன். அதில் விளக்கே எரியவில்லை.