பூட்டிக் கிடந்த கக்கூஸ்

சிங்காரி என்ற பன்றிக்கு அன்று நேரம் சரியில்லை. மாட்டு டாக்டர் அதன் நாக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். அடியில் ஜவ்வரிசி ஜவ்வரிசியாய்க் கட்டிகள்.

"நாடாப்புழு," என்றார், வளர்க்கிற சன்னாசியிடம். "இதுக்கு மருந்து கொடுத்துட்டேன். ஆனா முட்டை போடுற தாய்ப்புழு இருக்கிறது உங்க வயித்துல. நீங்க ஒதுங்குற புதர்ல மேய்ஞ்சுதான் இதுக்கு வந்திருக்கு. நீங்களும் மாத்திரை போடுங்க. கட்டிப் பூட்டி வச்சிருக்கிற கக்கூஸைத் திறங்க. பன்னியை வெளிய விடாதீங்க."

சன்னாசி கடைசி வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். கக்கூஸில் அடுக்கியிருந்த விறகை வெளியே எறிந்துவிட்டு, சிங்காரியை உள்ளே விட்டார். பிறகு சொம்பைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலப் புதர்ப்பக்கம் கிளம்பினார்.

"உனக்கு வந்த வாழ்வைப் பாரு," என்றது சொம்பு. "கட்டின நாள்லேருந்து நான் அங்க போகணும்னு கிடக்கேன்."

"டைல்ஸ் சில்லுன்னு இருக்கு," என்று சொல்லிவிட்டு, சிங்காரி கதவில் முதுகைச் சாய்த்துப் படுத்தது.

மறுநாள் விடிந்ததும் அடைமழை. புதரில் முழங்கால் தண்ணீர். சன்னாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கக்கூஸ் கதவைத் தள்ளினார். அசையவில்லை. படபடவென்று தட்டினார்.

சிங்காரி நிதானமாகத் தொண்டையைச் செருமியது.

"ஆள் இருக்கு."