வலது கதவுப் புகார்

தீர்ப்பில் வீட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்தவர்கள், கோட்டின் மேல் நின்ற இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜையும் விடவில்லை. இடது கதவு, அதாவது ஃப்ரீசர், மரகதவல்லி அம்மாவின் விரல் பட்டால்தான் திறக்கும். வலது கதவு அவருடைய முன்னாள் புருஷன் தணிகாசலம் சாருக்கு. விவாகரத்தான ஃப்ரிட்ஜுகளுக்கு ரிப்பேர் பார்க்கிற பாவப்பட்ட ஜென்மம் நான்.

"என் பக்கம் குளிரவே இல்லை. இட்லி மாவு பொங்குது" என்றார் சார்.

கதவு ரப்பரைப் பார்த்தேன், பின்னால் தூசி தட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு இடது கதவைத் திறக்கச் சொன்னேன். நடுச்சுவரில் இருக்கும் காற்று ஓட்டையை ஒரு பெரிய மீன் பை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"குளிர் உங்க பக்கத்துலதாம்மா உண்டாகுது. இந்த ஓட்டை வழியாத்தான் சாருக்குப் போகுது."

"பதினோரு வருஷமா எல்லாமே அப்படித்தான் தம்பி போச்சு."

"பையைக் கொஞ்சம் நகர்த்துங்களேன். நான் தொட்டா கோர்ட் அவமதிப்பு."

"அவரைக் கேக்கச் சொல்லுங்க. 'இந்தா', 'ஏய்' எல்லாம் செல்லாது. பேரைச் சொல்லிக் கேக்கணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து என் பேரைக் கோர்ட்ல மட்டும்தான் சொல்லியிருக்கார்."

சார் என்னைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "ம... மர..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார்.

அவர் செருமி முடிப்பதற்குள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.