முதல் துளை, புதுத் துளை

உப்பல் பட்டறையில் இன்று ஆயுத பூஜை. பொட்டு வைத்த மோட்டார்கள் ஓய்ந்திருக்க, ஒரே ஒரு கறகற சத்தம் மட்டும் கேட்கிறது. துளைக்குள் மரை வெட்டும் டேப்பைக் கைப்பிடியில் மாட்டி, கதவோரத்து வார்ப்பிரும்புப் பலகையில் ரோகிணி திருகுகிறாள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. கரிய தூள் அவள் விரல்களில் படிகிறது. அப்பா கோவிந்தராஜன் முதல் டேப்பைச் செய்ததிலிருந்து, ஒவ்வொரு பூஜைக்கும் அந்தந்த வருஷத்து டேப்பால் இதில் ஒரு துளைக்கு மரை வெட்டுவது வழக்கம். இந்த டேப்புகளுக்கு முதல் ஆர்டர் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த திருநாவுக்கரசு, கை கட்டி நிற்கிறார். "சின்ன ஷெட்டா இருக்கேம்மா. எப்ப வாங்கினாலும் எங்களுக்கு ஒரே அளவுல வரணும். வருமா?" ரோகிணி ஒரு போல்ட்டை அவரிடம் கொடுத்து, இப்போது வெட்டிய துளையைக் காட்டுகிறாள். விரலால் சுழற்றியதுமே அது வழுக்கி இறங்குகிறது. பிறகு மேல்மூலைத் துளையின் குங்குமத்தை ஊதிவிட்டு, "அதையே கழட்டி இதுல போடுங்க சார்" என்கிறாள். போல்ட் துளிகூட ஆடாமல் அதே வழுக்கலோடு இறங்குகிறது. "இதுவும் உங்க டேப்பா?" "ஹவ் சார், எங்களுதுதான். எழுபத்தி நாலுல அப்பா போட்டது. நான் பொறக்கவே இல்ல." அவர் போல்ட்டை மெல்லக் கழற்றி, மறுபடியும் அதே துளையில் இறக்கிப் பார்க்கிறார். உள்ளங்கை பலகை முழுக்கத் தடவிப் போகிறது. "இனிமே இதுல இடமே இல்லையேம்மா." ரோகிணி சுவரோரத்துச் சாக்கை இழுக்கிறாள். இதைவிட இரண்டு மடங்கு பெரிய பலகை, ஒரு துளைகூட இல்லாமல், நடுவில் குங்குமத்தோடு நிற்கிறது.