ஒரு துண்டு போட இடம்

“முதல்ல கடலை எழுந்து போகச் சொல்லு. அது போனா நானும் போறேன்!”

கோடு போட்ட துண்டை மணலில் விரித்து, அதன் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் எவ்தோகியா. வயது அறுபதுக்கு மேல். நீச்சலுடைக்கு மேலே ஒரு பழைய சட்டை. இந்தப் பக்கம் ஒரு வாடகைச் சாய்வு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு வாடகைச் சாய்வு நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் அவள் துண்டு கிடந்தது.

“பார்த்தீங்களா மேடம்? காலையிலேர்ந்து இதே பாட்டுதான்!” என்று கத்தினான் ஸ்ட்ராட்டோஸ். கரையில் இருந்த நாற்காலி, குடை, கேன்டீன் எல்லாம் அவன் நடத்துவது.

துறைமுகப் போலீஸ் அரெட்டி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். தீவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. யார் எவர் என்று தெரிவதற்குள் ஆகஸ்ட் வெயிலில் ஒரு பஞ்சாயத்து. கூப்பிட்டவன், “அந்தப் புது மேடமே வரட்டும்” என்று கேட்டு வேறு வரவழைத்திருந்தான்.

“அம்மா, இது குத்தகைக்கு விட்ட இடம். வாடகை கொடுத்து நாற்காலியில உட்காருங்க. இல்லேன்னா காலி இடமாப் பார்த்து விரிச்சுக்குங்க.”

“காலி இடமா? எங்கே இருக்கு, நீயே காட்டு தாயி.”

அரெட்டி சுற்றிலும் பார்த்தாள். இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைவரை குடைதான். முன்வரிசை நாற்காலிகளின் காலை அலை நனைத்துக்கொண்டிருந்தது. எள் போட்டால் எள் விழாது.

“குளிர்காலத்துல ஊர்க்கூட்டம் போட்டோம்,” என்றாள் எவ்தோகியா. “கரையில பாதி விருந்தாளிக்கு, பாதி ஊருக்கு. மூணு வரிசைக்கு மேல நாற்காலி கூடாது. மணல் லில்லி முளைக்கிற மேட்டுல யாரும் கால் வைக்கக் கூடாது. எல்லாம் பேசி முடிச்சோம். முதல் கையைத் தூக்கினதே இவன்தான். ஜூன் பொறந்துச்சு, கையை இறக்கிட்டுக் குடையைத் தூக்கிட்டான்!”

“ஊர்க்கூட்டம் என்ன சட்டமா மேடம்? முழுக் கரைக்கும் குத்தகை இருக்கு. சீசன்ல நாலு காசு பார்க்கறது தப்பா? நாற்காலி இல்லேன்னா வர்றவங்க பக்கத்துத் தீவுக்குப் போயிடுவாங்க. இந்த ஊரே என்னாலதான் சாப்பிடுது!”

“ஊர் சாப்பிடறது இந்த மணலால. நீ அந்த மணலையே தின்னுக்கிட்டு இருக்கே! மேட்டை மட்டமாக்கி நாற்காலி போட்டே. லில்லியெல்லாம் செத்துப் போச்சு. மணலைப் பிடிச்சு வச்சிருந்த வேரும் போச்சு. இனி வர்ற புயல் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போகும். அப்புறம் வெறும் பாறைமேல எவன் வந்து படுப்பான்?”

நியாயம் அவள் பக்கம்தான் என்று அரெட்டிக்குப் பட்டது. ஆனால் போலீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு நியாயத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

கேன்டீனிலிருந்து ஒரு பெண் ஐஸ் போட்ட காபியைக் கொண்டுவந்து எவ்தோகியாவின் கையில் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் காசும் கொடுக்கவில்லை.

“யாரைக் கேட்டுக் குடுத்தே?” என்று சீறினான் ஸ்ட்ராட்டோஸ்.

அந்தப் பெண் அவனை ஒரு முறை முறைத்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். சம்பளம் வாங்குகிறவளுக்கு இவ்வளவு தைரியமா என்று அரெட்டி ஆச்சரியப்பட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டுத் தம்பதி துண்டும் கையுமாய் வந்து நின்றார்கள். உட்கார இடம் உண்டா என்று சைகையில் கேட்டார்கள். எவ்தோகியா நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து மணலைத் தட்டிக் காட்டினாள். அவர்களும் சிரித்துக்கொண்டே துண்டை விரித்துவிட்டார்கள்.

“போச்சு! ஒண்ணு மூணாயிடுச்சு!” ஸ்ட்ராட்டோஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். “இவங்களைத் தூக்குங்க மேடம்!”

“தூக்கறதுன்னா நாலு பேரா வாங்க. இப்பவே சொல்லிட்டேன், நான் நல்ல கனம்,” என்று காபியை உறிஞ்சினாள் எவ்தோகியா.

அரெட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “சரி. குத்தகை இடத்துலேர்ந்து ஒருத்தரை வெளியேத்தணும்னா, குத்தகைதாரர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுக்கணும். கொடுங்க, தூக்கறேன்.”

“நான்தானே கூப்பிட்டேன்? அது போதாதா?”

“போதாது. கையெழுத்து வேணும்.”

ஸ்ட்ராட்டோஸின் குரல் சட்டென்று இறங்கியது. “அது வந்து மேடம்... நடத்தறது நான்தான். ஆனா குத்தகை என் பேர்ல இல்லை. வரி விஷயத்துல கொஞ்சம் சிக்கல் இருந்துச்சு, அதனால...”

“வேற யார் பேர்ல?”

“மாமியார் பேர்ல.”

எந்த ஊராக இருந்தால் என்ன, வரிக்குப் பயந்தவன் ஒளிந்துகொள்ள மாமியார் முந்தானைதான் என்று அரெட்டி மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

“அதனால என்ன? மாமியாரை வரச் சொல்லுங்க. அவங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும், இந்த அம்மாவைத் துண்டோட தூக்கிடறேன்.”

ஸ்ட்ராட்டோஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேன்டீன் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எவ்தோகியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பேனாவுக்காக நீட்டினாள்.

“எழுதிக் கொண்டா தாயி, போடறேன். ஆனா என்னைத் தூக்கச் சொல்லி இல்லை, மூணு வரிசைக்கு மேல கிடக்கிற நாற்காலியைத் தூக்கச் சொல்லி எழுது. நீ சிரமப்படாதே, என் மாப்பிள்ளையே தூக்குவாரு!”