மெர்வின் குளித்த தண்ணீர்

"மெர்வ், நேரம் ஆச்சு! குழாயை மூடு! வாளியைத் தட்டிவிட்டுடாதே!"

குளியலறைக் கதவுக்கு வெளியே மணற்கடிகாரத்தோடு நின்று நோரீன் கத்தினாள். தலையில் நுரையோடு மெர்வின் குழாயை மூடினார்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மழை எட்டிப் பார்த்தே மாதக்கணக்காகிறது. தோட்டத்துக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டால் அபராதம். குளியல் என்றால் நாலே நிமிடம். அதுவும் காலடியில் வாளியை வைத்துக்கொண்டு. வாளியில் சேருவது ரோஜாச் செடிகளுக்கு. நோரீனே தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிடுவாள்.

"இதெல்லாம் ஒரு குளியலா? பூனைகூட இதைவிட நல்லா குளிக்கும்," என்று துண்டோடு வந்தார் மெர்வின். "என்னோட பச்சை சோப்பு எங்கே? வாசனையா இருக்குமே, அது?"

"அது உனக்கு ஒத்துக்கல. இனிமே இந்த வெள்ளை சோப்புதான்."

"இத்தனை வருஷமா ஒத்துக்கிட்டது, இப்ப திடீர்னு ஒத்துக்கலையாக்கும்!"

"வாய் பேசாதே. இன்னிக்கு வெயில் கொளுத்தப்போகுதாம். சாயங்காலம் இன்னொரு தடவை குளிச்சிடு."

மெர்வினுக்கு மனசு இளகிவிட்டது. ஊரே தண்ணீருக்குத் தவிக்கும்போது புருஷனை இரண்டு தடவை குளிக்கச் சொல்லும் பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்!

மேஜையில் காலை உணவு தயாராக இருந்தது. சுட்ட ரொட்டியின் மேல் தடித்தடியாக நறுக்கிய தக்காளி, உப்பு, மிளகு. பாழாய்ப்போன இந்தக் கோடையில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சுகம் அதுதான்.

"சந்தையில யார்கிட்ட வாங்குற? அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடணும்," என்றவர், ஜன்னல் வழியே பார்த்து முகம் சுளித்தார். "பக்கத்து வீட்டு ஸ்டவ்ரோஸ் தோட்டத்தைப் பாரேன்! தெருவே காய்ஞ்சு கிடக்கு, அவன் வீடு மட்டும் பச்சைப் பசேல்னு. திருட்டுத்தனமா ரப்பர் குழாயில தண்ணி விடுறான்!"

"உனக்கு எதுக்கு வம்பு? பாவம், தனியா இருக்கிற மனுஷன்."

"என்ன பாவம்? நான் நாலு நிமிஷத்துல நுரையோட வெளியே வருவேன், அவன் ஜாலியா இருப்பானா? புகார் கொடுத்துட்டேன். இன்னிக்கு வர்றாங்க."

நோரீனின் கையிலிருந்த கத்தி நழுவியது. "அடப்பாவி! கொடுத்தேவிட்டியா?"

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டதுமே மெர்வின் ரொட்டித் துண்டும் கையுமாக வேலியோரம் ஓடினார். நோரீன் பின்னாலேயே ஓடினாள்.

காரில் வந்த தண்ணீர்த் துறைப் பெண் அதிகாரி, ஸ்டவ்ரோஸின் தக்காளிச் செடிகளின் அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். ஆனால் ரப்பர் குழாயின் வாயிலோ சிலந்தி வலை கட்டியிருந்தது.

"அப்ப தண்ணி எங்கேயிருந்து வந்தது?" என்றாள்.

ஸ்டவ்ரோஸ் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சொல்லலைன்னா அபராதம் போடவேண்டியிருக்கும்."

"போடுங்க, போடுங்க!" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து குதித்தார் மெர்வின்.

"வேண்டாம்மா," என்றாள் நோரீன். "வாளியிலதான் ஊத்துறோம். எங்க வீட்டு வாளி. இவர் குளிச்ச தண்ணி."

"குளிச்ச தண்ணியா? அப்ப தப்பே இல்ல," என்று சிரித்தபடி அதிகாரி கிளம்பிவிட்டாள்.

"ஏய், அது ரோஜாவுக்குன்னுதானே சொன்னே?" என்று நோரீனிடம் திரும்பினார் மெர்வின்.

"ரோஜா கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. நீ எங்கே எட்டிப் பார்த்தே? உண்மையைச் சொல்லியிருந்தா இவருக்கு ஒரு சொட்டு விட்டிருப்பியா?"

ஸ்டவ்ரோஸ் நிம்மதியாக மூச்சுவிட்டு, ஒரு கூடையை வேலிக்கு மேலாக நீட்டினார். "இந்தாங்க நோரீன், இந்த வாரத் தக்காளி. அந்தப் பச்சை சோப்பை நிறுத்தினதும் இலை சுருள்றது நின்னுபோச்சு."

மெர்வினின் வாய், மெல்லுவதை நிறுத்தியது.

"முழுங்கு மெர்வ்," என்றாள் நோரீன். "முழுங்கிட்டு சீக்கிரம் போய்க் குளி. நேத்து கத்தரிக்கன்னு வேற நட்டிருக்காரு."