வெள்ளிக்கிழமை ரயில்

"அக்கா, இனிமே மறைச்சுப் பிரயோஜனமில்ல. உண்மையைச் சொல்லிடு!"

தம்பி இப்படிச் சொன்னதும் அக்கா எதிரே இருந்த அதிகாரியைப் பார்த்தாள். ஆயுதக் கிடங்குக்குப் பொறுப்பாளர் அவர். நரைத்த மீசை, கசங்கிய சட்டை. மேஜைமேல் அவர்கள் இருவரின் போலி அடையாள அட்டைகள் கிடந்தன. கிடங்கின் முள்கம்பி வேலிக்குள் பிடிபட்டவர்களுக்குப் போர்க்காலத்தில் ஒரே தண்டனைதான்.

"சொன்னா நம்ப மாட்டீங்க சார். நாங்க ஒற்றர்கள் இல்ல. அறுபது வருஷம் கழிச்சு வரப்போற காலத்துலேர்ந்து வந்திருக்கோம். நான் பள்ளிக்கூடத்துல சரித்திரம் நடத்தறேன். இவன் என் தம்பி, மோட்டார் மெக்கானிக். நாங்க வந்த யந்திரம் இவன் கைவேலைதான்."

"திரும்பிப் போறதுக்கு?"

"அதுல கொஞ்சம் கோட்டை விட்டுட்டான்."

"அவசரப்படுத்தினது யாராம்?" என்று தம்பி முணுமுணுத்தான்.

அதிகாரி சிரிக்கவில்லை. துப்பாக்கியோடு நின்ற காவலாளியை வெளியே போகச் சொன்னார்.

"எதுக்கு வந்தீங்க?"

"இங்கே ரகசியமா ஒரு புது ஆயுதம் வச்சிருக்கீங்களே, வர்ற வெள்ளிக்கிழமை அதை ரயில்ல ஏத்துவீங்க. எதிரி மண்ணை அது தொடவே தொடாது சார். நம்ம ஸ்டேஷன்லயே வெடிச்சிடும்."

"ஏன் வெடிச்சுது?"

"அது எங்க காலத்துலயும் மர்மம்தான். என்ன ஆயுதம்னுகூடத் தெரியாது. காகிதமெல்லாம் அதோட எரிஞ்சு போச்சு."

"உங்களுக்கு இதுல என்ன அவ்வளவு அக்கறை?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அம்மா இந்த ஊர்ப் பொண்ணு. அப்போ ஏழு வயசு. கூடப் பிறந்த அஞ்சு பேரும் அன்னைக்கே போயிட்டாங்க. இப்பவும் யாராவது கேட்டா, 'நாங்க ஆறு பேரு'ன்னுதான் சொல்வாங்க. 'இருந்தோம்'னு சொல்ல வாய் வராது."

அதிகாரி கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, பதிலுக்குப் பயந்தவர்போல மெல்லக் கேட்டார்.

"மொத்தம் எத்தனை பேரும்மா?"

"நாற்பதாயிரம்."

"நல்லாத் தெரியுமா? எண்ணிக்கையில தப்பில்லையே?"

"வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன். எப்படி சார் தப்பும்?"

அதிகாரி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கைகளை எடுத்தபோது கண் முழுக்க ஈரம். ஆனால் உதட்டில் புன்னகை!

அக்கா கொதித்து எழுந்தாள். "நீங்கள்லாம் மனுஷனா சார்? நாற்பதாயிரம் உசிரு போகும்கறேன், சந்தோஷப்படறீங்களே!"

"அக்கா, உட்காரு" என்று தம்பி பதறி அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

அதிகாரி எழுந்து போய்க் கதவை உட்புறம் தாழிட்டார். திரும்பி வந்து, தன் நாற்காலியை விட்டுவிட்டு அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா தினமும் சாப்பாட்டு டப்பாவுல அந்த வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிட்டுப் போய் ஆத்துல கரைச்சிட்டிருக்கேம்மா. அதுக்குப் பலன் இருக்கா இல்லையான்னு கேட்க இத்தனை நாளா ஒரு ஆள் கிடைக்கல" என்றார். "நான் கிளம்பி வந்தப்போ, எங்க சரித்திரப் புத்தகத்துல அந்த எண்ணிக்கை நாலு லட்சம்."